தொட்டிக்குள் ஒளி: இராட்சத மட்டியும் மும்பையும்

இந்தியாவில் பொதுமக்களுக்கான கடல்வாழ் உயிரினக் காட்சியகங்களின் வரலாறு சென்னையில் தொடங்குகிறது. 1909இல் மெரினாவில் திறக்கப்பட்ட காட்சியகம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது. விடுதலைக்குப் பின் அந்த இடத்தை மும்பை பெற்றது. பார்சி கொடையாளர் டி. பி. தாராபோர்வாலாவின் நன்கொடையில் எழுந்த காட்சியகத்தை 1951இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார். மாதுங்கா, தாராவி, செம்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் உட்பட நகரத்துச் சிறுவர் பலர் உயிருள்ள கடல்மீனை நேரில் கண்டது அங்கேதான்.

அக்காலக் காட்சியகங்களின் தொழில்நுட்பம் நீரை மையமாகக் கொண்டது. நீரை வடிகட்டிக் காற்றூட்டி இரையிட்டால் மீன் பிழைக்கும். இராட்சத மட்டிக்கு இவை போதா. ஏன் என்பதற்கான விடையின் பெரும்பகுதி 1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற ஆய்வுப் பயணத்தில் கிடைத்தது. அதன் தலைவர் சி. எம். யாங், மட்டியின் வண்ணச் சதைமடலுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு உணவூட்டுகின்றன என்று 1936இல் விளக்கினார். மட்டி அப்பாசிகளைச் செரித்து உண்கிறது என்று அவர் கருதினார். அவை ஒளியால் ஆக்கி வெளிவிடும் சர்க்கரையே முதன்மை உணவு என்று பின்வந்த ஆய்வுகள் திருத்தின.

இதன்படி, மட்டி வளர்ப்பு என்பது பாதி வேளாண்மை. வலிமையான ஒளி, 24 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பம், ஓடு வளர லிட்டருக்கு 400-450 மில்லிகிராம் கால்சியம் ஆகியவை வேண்டும். பாசிக்கு நைட்ரேட்டும் சிறிதளவு தேவை. ஆகவே மிகத் தூய்மையான நீரும் மட்டியை மெலியச் செய்யும். பாறையைப் பற்றியிருக்கும் இழைகளை வேரோடு பிடுங்கினால் அது பெரும்பாலும் இறந்துவிடும். உலோக ஹாலைடு விளக்குகள் பரவிய பின்னரே வீட்டுத் தொட்டியில் இது இயல்வதாயிற்று. 1980களில் பலாவுத் தீவின் குஞ்சுப் பொரிப்பகம் மட்டிகளைப் பெருமளவில் இனப்பெருக்கம் செய்து காட்டியது.

வளர்க்கும் அறிவு முதிர்ந்த அதே காலத்தில் சட்டமும் இறுகியது. 1985இல் மட்டிக் குடும்பம் முழுவதும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. இந்தியா 2001இல் டிரைடாக்னா மாக்சிமா உள்ளிட்ட இனங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்தது. நம் கடலிலிருந்து ஒன்றை எடுத்துத் தொட்டியில் வைப்பது குற்றம்.

மும்பையின் அடுத்த பங்களிப்பு இங்கே தொடங்குகிறது. 1883இல் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தீபக் ஆப்தே, இலட்சத்தீவின் அகத்தித் தீவு மக்களுடன் இணைந்து மட்டிகளை அவற்றின் திட்டிலேயே காக்கும் பணியை முன்னெடுத்தார். அதற்காக 2008இல் விட்லி விருது பெற்றார். 1998இல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது பெருஞ்சேதம் கண்ட தீவுக்கூட்டம் அது. வெப்பம் மிகுந்தால் மட்டியும் தன் பாசிகளை இழந்து வெளிறும் என்பதால் இப்பணியின் பொருள் எளிதில் விளங்கும்.

அறிவியல் வரலாறு பயிலும் மாணவர்கள் வீட்டுத் தொட்டியைப் பொழுதுபோக்கென்று ஒதுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ஒளியும் வெப்பமும் சிறிது பிறழ்ந்தாலும் இவ்வுயிர் தாங்காது என்பதைத் தொட்டி வளர்ப்போர் நாள்தோறும் அளந்து அறிகின்றனர். தொட்டியில் வெப்பம் ஏறினால் குளிரூட்டியை இயக்கலாம். அகத்தியில் அதற்கு வழியில்லை.