புகலிடமும் பொய்யுரையும்

கொலைஞர் துரத்த ஓடிவந்த ஒருவனை உங்கள் இல்லத்தினுள் ஒளித்து வைத்திருக்கின்றீர்கள். துரத்தி வந்தவர்கள் வாயிலில் நின்று, அவன் உள்ளே இருக்கின்றானா என வினவுகின்றனர். என்ன விடை பகர்வீர்கள்? வள்ளுவரின் வாய்மை அதிகாரத்தைப் பயின்ற நமக்கு இவ்வினா பேரிடர் தருவதன்று. குற்றமற்ற நன்மை விளையுமிடத்துப் பொய்க்கும் இடமுண்டென அவர் வழிவகுத்துச் சென்றார். ஆனால் கிறித்தவ அறிஞர்களின் உள்ளத்தை இவ்வினா ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்து வந்துள்ளது.

கி.பி. 395ஆம் ஆண்டளவில் வட ஆபிரிக்காவில் வாழ்ந்த புனித அகுஸ்தீன், பொய்யைப் பற்றித் தனிநூல் ஒன்று யாத்தார். ஓர் உயிரைக் காத்தற்பொருட்டேனும் பொய்யுரைத்தல் ஆகாது என்பது அவர் முடிபு. தகாஸ்தே நகரின் ஆயராயிருந்த பிர்முஸ் என்பவரை அந்நூலிலே சான்று காட்டுகின்றார். தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனைத் தேடிவந்த அரச சேவகரிடம், தாம் பொய் சொல்லவும் மாட்டார், அவனைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டார் என்றார் அந்த ஆயர். வதைக்கப்பட்டபோதும் அவர் உறுதி தளரவில்லை. இறுதியிற் பேரரசனே வியந்து, ஒளிந்திருந்தவனுக்கு மன்னிப்பளித்தான். அங்கே கட்டளையும் காக்கப்பட்டது, அன்பும் காக்கப்பட்டது. ஆனால் எல்லாக் காலத்தும் இவ்விரண்டையும் ஒருங்கே காத்தல் இயலுமா? இவ்வினாவுக்கு நம் காலத்துக்கு அண்மித்த வரலாறொன்று விடை தேடியது.

பிரான்சு நாட்டின் நடுத்தென்பகுதியில், மலைசார்ந்த மேட்டுநிலத்தில் லெ ஷம்போன் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரார் பெரும்பாலும் புரட்டஸ்தாந்து சமயத்தினர். 1685ஆம் ஆண்டிலே பதினான்காம் லூயி மன்னன் அவர்தம் சமய உரிமையைப் பறித்தபோது, அவர்களின் முன்னோர் மலைகளில் மறைந்து வழிபட்டனர். துரத்தப்படுதல் யாது என்பதை அம்மக்கள் ஏட்டிலே கற்கவில்லை. பாட்டன்மார் வாயிலாகக் கேட்டறிந்தனர்.

1940ஆம் ஆண்டு யூன் 22ஆம் நாள் பிரான்சு யேர்மனியுடன் போர்நிறுத்த உடன்படிக்கை செய்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவ்வூர்ப் போதகர்களான அந்திரே துரோக்மேயும் எதுவார் தேசும், மனச்சான்றுக்கு மாறான கட்டளைகளை ஆன்ம வலிமையால் எதிர்த்து நிற்குமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டனர்.

அக்குளிர்காலத்தில் போதகர் இல்லத்துக் கதவைத் தட்டினாள் ஒரு யேர்மானிய யூதப் பெண். துரோக்மேயின் மனைவியார் மக்தா அவளை உள்ளே அழைத்து உணவளித்தார். பனியில் நனைந்த அவளுடைய சப்பாத்துகளை உலர்த்துவதற்காக அடுப்பருகில் வைத்தார். பின்னர், அவளுக்கு உரிய பத்திரங்கள் பெறும் நோக்குடன் ஊர்த்தலைவரிடம் நேர்மையாகச் சென்று உண்மையைக் கூறினார். அவளை உடனே வெளியேற்றும்படி கூறினார் ஊர்த்தலைவர். மக்தா வீடு திரும்பியபோது சப்பாத்துகள் கருகிக் கிடந்தன. உண்மை பேசியதனால் அன்று அவ்வேழைக்கு விளைந்த பயன் ஏதுமில்லை.

அதன்பின் அவ்வூரில் அகதிகளுக்காகப் போலி அடையாள அட்டைகளும் பங்கீட்டு அட்டைகளும் உருவாயின. வேதாகமத்துள்ளேயே கட்டளைகள் ஒன்றோடொன்று மோதின. ஆளும் அதிகாரத்துக்கு அடங்குக என்கிறது உரோமருக்கு எழுதிய நிருபம். குற்றமற்ற இரத்தம் சிந்தப்படாதிருக்க அடைக்கலப் பட்டணங்களை அமைக்குமாறு பணிக்கிறது உபாகமம். பொய்ச்சான்று கூறாதே என்கிறது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. இவற்றுள் எதனை முற்படுத்துவது?

1942ஆம் ஆண்டு யூலையில் பாரிசு நகரில் பதின்மூவாயிரம் யூதர் வரையிற் சிறைபிடிக்கப்பட்டனர். அடுத்த மாதம் லெ ஷம்போனுக்கும் பொலிசார் வந்தனர். யூதரின் பெயர்ப்பட்டியலைக் கேட்டபோது, மேய்ப்பன் மந்தையைக் காட்டிக்கொடான் என்னும் கருத்துப்படக் கூறி மறுத்துவிட்டார் துரோக்மே. பழைய பிர்முசின் குரலே மீண்டும் ஒலித்தது எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. பிர்முஸ் தம் உடலையே விலையாகக் கொடுத்தார். இங்கோ, போலி அட்டை இல்லாத குழந்தை தெருவிலே பிடிபடின், பெரியோரின் தூய நாவுக்கு அக்குழந்தையே விலையாகும். ஆகவே அட்டைகள் எழுதப்பட்டன. எழுதுவித்தோர் அதனைப் பெருமையாகக் கொள்ளவுமில்லை. அவர்தம் நெஞ்சு உறுத்திக்கொண்டே இருந்தது.

1943ஆம் ஆண்டு பெப்ரவரியில் இரு போதகர்களும், ஊரின் அரசினர் பாடசாலைத் தலைமையாசிரியர் உரோஷே தார்சிசாக்கும் கைதாகித் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு மாதமளவில் விடுதலை வந்தது. ஆனால் மார்ஷல் பெத்தேனின் ஆணைகளுக்குக் கீழ்ப்படிவதாக ஒப்பமிடல் வேண்டும். தலைமையாசிரியர் ஒப்பமிட்டார். போதகர் இருவரும் மறுத்தனர். பின்னர் அவ்விருவரும் ஒப்பமிடாமலே விடுவிக்கப்பட்டனர்.

நேயர்களே, இவ்விடத்தைச் சிறிது சிந்தியுங்கள். பிறர் உயிருக்காகப் போலிப் பத்திரங்களுக்கு இடங்கொடுத்த அதே மனிதர், தம் விடுதலைக்காக ஒரு பொய் ஒப்பம் இட மறுத்தனர். அன்பு தன்னலம் நாடாது எனப் பவுல் அடிகள் எழுதியதன் பொருளை இதனினும் தெளிவாக விளக்கல் அரிது. ஒப்பமிட்ட தலைமையாசிரியரைப் பழிக்க எனக்கு நா எழவில்லை. அரச சேவையின் கட்டுகளை நானும் அறிவேன். அவரும் இடர்ப்பட்டோருக்குத் துணைநின்றவரே.

அன்பு ஒன்றே மாறாத விதி, ஏனையவெல்லாம் சூழ்நிலைக்கேற்ப வளைவன என 1966ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் யோசப் பிளெச்சர் ஒரு நூலில் வாதிட்டார். அவ்வாறாயின், ஒவ்வொருவனும் தன் ஆசைக்கு அன்பெனப் பெயரிட்டுத் தப்பிக்கொள்வான் எனப் பலர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. லெ ஷம்போன் மக்களோ கட்டளையை எளிதாக எண்ணியவர்களல்லர். அதன் சுமை முழுவதையும் உணர்ந்து, அயலானுக்காக மட்டுமே அதனை மீறினர். மீறியதன் தண்டனையையும் ஏற்க ஆயத்தமாயிருந்தனர். போதகரின் உறவினரான தனியேல் துரோக்மே, தம் பொறுப்பிலிருந்த மாணவரோடு 1943 யூனிற் பிடிபட்டு, 1944இல் மைதானெக் முகாமில் உயிர் நீத்தார்.

அயலானுக்கு எதிராகப் பொய்ச்சான்று கூறாதே என்பதே அக்கட்டளையின் முழு வாசகம். அயலானைக் காத்தற்கென எழுந்த வேலி அது. வேலியின் பயனை உணர்ந்தவனே, தீப்பற்றிய வேளையில் எவ்விடத்தில் அதனைப் பிரித்து வழிவிடலாம் என்பதையும் அறிவான். தீயணைந்தபின் அதனை மீண்டும் கட்டவும் அவனே முன்வருவான்.