கூட்டமாக சைக்கிளில் போனால் பாதுகாப்பா, ஆபத்தா? வேப்பம்பட்டு முதல் கும்மிடிப்பூண்டி வரை கவனிக்க வேண்டியது என்ன?

2024 பிப்ரவரி 28. நவி மும்பையின் நெருல் பகுதி, பாம் பீச் சாலை. காலை 6 மணிகூட ஆகவில்லை. நண்பர்களோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த 68 வயது அவ்தார் சைனி மீது, பின்னால் வேகமாக வந்த வாடகை கார் ஒன்று மோதியது. அவர் உயிரிழந்தார். இன்டெல் நிறுவனத்தின் இந்தியப் பிரிவுக்கு முன்பு தலைவராக இருந்தவர், பென்டியம் சிப் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றியவர். தனியாகவும் போகவில்லை, நெரிசல் நேரத்திலும் போகவில்லை. விடிகாலை, அகலமான ரோடு, கூடவே ஆட்கள். சைக்கிள் குழுக்கள் வழக்கமாகச் சொல்லும் பாதுகாப்பு எல்லாமே இருந்தும் நடந்த விபத்து இது.

நம்ம ஊர் பக்கம் வருவோம். ஆவடியில் இருந்து திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை வழியாக திருவள்ளூர் போகும் சென்னை-திருப்பதி நெடுஞ்சாலையில் 'குரூப் சைக்கிளிங்' என்றால் ஹெல்மெட் போட்ட வார இறுதி சைக்கிள்காரர்கள் மட்டும் கிடையாது. அரசு கொடுத்த இலவச சைக்கிளில் நாலைந்து பேராகச் சேர்ந்து போகும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளும், காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து ஒன்றாகத் திரும்பும் தொழிலாளர்களும் குரூப்தான். சொல்லப்போனால், அதிக நாள் அதிக ஆபத்தில் இருப்பவர்கள் இவர்களே. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமும் இதே கதைதான். அங்கே சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையின் ட்ரெய்லர் லாரிகளும் சேர்ந்துகொள்கின்றன.

கூட்டமாகப் போவதில் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. ஒற்றை சைக்கிளை விட எட்டு சைக்கிள் தூரத்திலேயே கண்ணில் படும். ஒருவர் விழுந்தால் தூக்க ஆள் இருக்கும். முன்னால் போகிறவர் காற்றைத் தடுப்பதால் பின்னால் வருபவருக்கு மிதிக்கும் சிரமமும் குறையும். ஆனால் அதற்காக முன் சைக்கிளை ஒட்டியே ஓட்டும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சைக்கிள் வினாடிக்கு சுமார் 7 மீட்டர் நகர்கிறது. ஒரு மீட்டர் இடைவெளியில் பின்தொடர்பவருக்கு, முன்னவர் சடாரென பிரேக் பிடித்தால் யோசிக்கவே நேரம் இருக்காது. முன்னால் இருக்கும் பள்ளமும் அவர் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட மோசம், உங்கள் முன் டயர் அவருடைய பின் டயருக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்பது. அவர் லேசாக விலகி டயர்கள் உரசினால், விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். அவர் மேல் அடுத்தவர் விழுவார். விழும் இடம் லாரி போகிற தடமாக இருந்தால்... அதனால்தான் பழகிய குழுக்களில் முன்னவர் 'பள்ளம்', 'ஸ்லோ', 'ஆள்' என்று கத்திக்கொண்டும் கை காட்டிக்கொண்டும் போவார். வெளியே இருந்து பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அந்தச் சத்தம் அவசியம்.

ஒற்றை வரிசையா, ஜோடியாகவா? கார் ஓட்டுபவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தீராத சண்டை இது. ஒரு கணக்குப் பார்த்தால் புரியும். 15 பேர் ஒற்றை வரிசையில் போனால் வரிசையின் நீளம் சுமார் 40 மீட்டர். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அவர்களை, 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 15 மீட்டர் ட்ரெய்லர் முந்தி, முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு ஒதுங்க 9 வினாடி ஆகும். அதற்குள் லாரி 125 மீட்டர் ஓடியிருக்கும். அந்த நேரத்தில் எதிரே ஒரு பஸ் வந்துவிட்டால் டிரைவர் என்ன செய்வார்? இடது பக்கம்தான் ஒடிப்பார், சைக்கிள்கள் மேல். ஆகவே, குறுகிய ரோட்டில் ஒற்றை வரிசை சரி, ஆனால் நாலு நாலு பேராகப் பிரிந்து, நடுவில் ஒரு லாரி ஒதுங்க இடம் விட்டுப் போக வேண்டும். பேசிக்கொண்டே மூன்று பேர் சேர்ந்து போவதும், தோளில் கை போட்டுக்கொண்டு போவதும் வேண்டவே வேண்டாம்.

பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதிகள், இரண்டு பேர் இணையாக ஓட்டலாம் என்றும், முந்தும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்றும் சொல்கின்றன. ஜெர்மனியில் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே 2 மீட்டர். இந்தியாவில் 2017ஆம் ஆண்டு வாகனம் ஓட்டும் நெறிமுறைகள், பாதசாரிகள், சைக்கிள்காரர்கள் போன்றவர்களிடம் தனிக் கவனம் காட்டச் சொல்கின்றன. அளவு சொல்லாத கவனம் ரோட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஆபத்துகளில் முதலில் ட்ரெய்லர். அது திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கம்பெனி கேட்டுக்குள் இடது பக்கம் திரும்பும் லாரியின் கிளீனர் சைடில் நின்றால் டிரைவருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. முந்திக்கொண்டு போகாமல் பின்னாலேயே நின்றுவிடுங்க. அடுத்து, தார் ரோட்டுக்கும் ஓர மண்ணுக்கும் உள்ள ஏற்ற இறக்கம். ஹார்ன் சத்தத்துக்குப் பயந்து சட்டென்று இறங்கினால் டயர் வழுக்கும். ஓரத்திலேயே ஒண்டி ஓட்டாமல் அரை மீட்டராவது உள்ளே ஓட்டுவது இதற்காகத்தான். அப்புறம் ரயில்வே கேட். தண்டவாளத்தை சாய்வாகக் கடந்தால், மழை நேரத்தில் சைக்கிள் டயர் இடுக்கில் சிக்கிவிடும். நேர் குறுக்காக, ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். ராங் சைடில் வரும் பைக்குகளைப் பற்றி தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒரு காலத்தில் சைக்கிளில் லைட் இல்லை என்றால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம் இருந்தது. டைனமோவோடு அந்தப் பயமும் போய்விட்டது. பின்பக்கம் ஒரு சிவப்பு லைட், பையில் ஒரு ஒளிரும் பட்டை இருந்தாலே இரவு ஷிப்ட்காரர்களை தூரத்தில் இருந்து அடையாளம் காண முடியும். 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓட்டும் 'ப்ரெவே' பயணங்களில் இரவில் லைட்டும் ஒளிரும் மேலுடையும் இல்லாமல் ஓட்ட விடமாட்டார்கள்.

மோதிவிட்டால்? முதலில் 108. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், 2021 டிசம்பர் முதல், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். உதவி செய்பவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் இழப்பீடு உண்டு. கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் மனு கொடுக்க வேண்டும். வண்டி தெரிந்தால் விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2019 திருத்தம் 6 மாதக் கெடு வைத்திருப்பதால் தள்ளிப்போடாதீங்க. சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இழப்பீடு வருவது மோதிய வண்டியின் இன்சூரன்ஸில் இருந்து. எஃப்ஐஆர் நகலும், முதலில் சேர்த்த மருத்துவமனையின் பதிவும் கையில் இருந்தால் போதும், மனுவைத் தொடங்கலாம்.