ஒற்றை எஞ்சின் பாடம்

பிரிட்டிஷ் ஜெட் போர் விமானமான மீட்டியரின் இரண்டு எஞ்சின்களும் உடலை ஒட்டி இருக்காது. இந்த இறக்கையில் ஒன்று, அந்த இறக்கையில் ஒன்று என்று நன்றாகத் தள்ளி இருக்கும். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அத்தனை இளம் விமானிகள் ஏன் செத்தார்கள் என்பதற்கு இந்த அமைப்பில்தான் பாதி பதில் இருக்கிறது. ஒரு பக்கத்து எஞ்சின் நின்றுபோனால் மறுபக்கத்து எஞ்சின் 3,500 பவுண்டு விசையோடு தள்ளிக்கொண்டே இருக்கும். நின்றுபோன எஞ்சின் பக்கமாக மூக்கு திரும்பும். அதைத் தடுக்க, வாலில் இருக்கும் ரடரைத் திருப்பும் பெடலை ஒற்றைக் காலால் மிதித்துப் பிடிக்க வேண்டும். கால் வெடவெடத்துப் போகும். வேகம் குறையக் குறைய ரடரில் மோதும் காற்றும் குறையும். ஒரு வேகத்துக்குக் கீழே எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் பிரயோஜனமில்லை. விமானம் புரண்டு மல்லாந்துவிடும்.

நான் இந்திய விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவன். என் கை பழகியது கான்பெரா குண்டுவீச்சு விமானம். அதற்கும் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின். ஒற்றை எஞ்சின் பயிற்சிக்கு ஒரு விமானம் மேலே போனால், அது சக்கரம் பதித்து நிற்கும்வரை எங்களில் யாரும் டீ குடிக்க நகரமாட்டோம். அந்தப் பயம் எங்களுக்கு முந்திய தலைமுறையிலிருந்து வந்தது. அது எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தபோதுதான் மீட்டியரின் கதை கிடைத்தது.

1944 ஜூலையில் பிரிட்டனின் 616ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்த மீட்டியர்தான் நேச நாடுகளில் போர்ப்பணிக்குப் போன முதல் ஜெட். ஆனால் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி ரகமான டி.7 முதன்முதலில் பறந்தது 1948இல். அதுவரை இளைஞனைத் தனியாக ஏற்றி அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. 1950இல் கொரியப் போர் மூண்டதும் விமானிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். யார்க்‌ஷரில் டிரிஃபீல்டு, ஃபுல் சட்டன், இன்னும் வடக்கே மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் என்று பயிற்சிப் பள்ளிகள் நிரம்பின. கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த பையன்களும் அவற்றில் இருந்தார்கள். பிரென்டிஸ், ஹார்வர்டு என்று புரொப்பெல்லர் வைத்த ஒற்றை எஞ்சின் விமானங்களில் பழகியவர்கள் நேராக மீட்டியருக்கு வந்தார்கள்.

அங்கே பாடம் இதுதான்: ஒரு எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்துவது, மற்றதை வைத்துக்கொண்டு இறங்குவது. இறங்கும் கணக்கு பிசகினால் மறுபடி எழும்ப வேண்டும். அந்தக் காலத்து ஜெட் எஞ்சின் த்ராட்டிலைத் தள்ளிய உடனே முழு பலத்துக்கு வராது. சில நொடி முனகிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று முழு விசையையும் ஒரே பக்கத்தில் கொடுக்கும். வேகம் போயிருக்கும், உயரமும் இருக்காது. டி.7இல் எஜெக்‌ஷன் சீட்டும் கிடையாது. கனத்த சட்டம் போட்ட கண்ணாடிக் கூண்டுக்குள் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகப் போனார்கள். ஒற்றை இருக்கை எஃப்.8 ரகத்தில் மார்ட்டின்-பேக்கர் எஜெக்‌ஷன் சீட் வந்தது உண்மைதான். ஆனால் தரைக்கு அவ்வளவு அருகில் அன்றைய சீட்டால் யாரையும் காப்பாற்ற முடியாது.

எஞ்சின் பழுதாகிச் செத்தவர்களைவிட, பழுதானால் என்ன செய்வது என்று பழகும்போது செத்தவர்களே அதிகம் என்று மீட்டியர் ஓட்டியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மீட்டியரின் டெர்வென்ட் எஞ்சின் நம்பகமானது. கெடாத எஞ்சினைக் கெட்டதாக வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பலி கொடுத்திருக்கிறார்கள்.

சாவுக்கு வேறு வழிகளும் இருந்தன. 1951 ஜூன் 18 அன்று பிகின் ஹில் தளத்தில் எழும்பிய மீட்டியர் ஒன்று அருகிலேயே விழுந்தது. அந்த இடத்துக்கு மேலே வட்டமிட்ட வேறு இரண்டு மீட்டியர்கள் ஒன்றோடொன்று மோதின. மூன்று விமானிகளும் இறந்தார்கள். யார்க்‌ஷர் மேகத்துக்குள் வழி தவறியவர்களுக்கு எரிபொருள் போதவில்லை. ஏர் பிரேக்கை மூடாமல் குறைந்த வேகத்தில் சக்கரத்தை இறக்கினால் மூக்கு குப்புறக் கவிழும். அதற்கு விமானிகள் வைத்த பெயர் ‘ஃபாண்டம் டைவ்’.

பிரிட்டிஷ் விமானப்படையில் மட்டும் மொத்தம் சுமார் 890 மீட்டியர்கள் அழிந்தன. சுமார் 450 விமானிகள் இறந்தார்கள். போர் முடிந்த பிறகு, பெரும்பாலும் சொந்த ஊர் வானத்தில். விமானியின் பிழை என்று எழுதிவிடுவது சுலபம். இருபது வயதுப் பையனின் காலால் பிடித்து நிறுத்த முடியாத ஒன்றை அவன் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகப் போரில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் விமானப்படையினரை இழந்து பழகிய மேலதிகாரிகளுக்கு வாரத்துக்குச் சில பேர் என்பது பெரிதாகத் தெரியவில்லை. என் கணிப்பில் அதுதான் முதல் காரணம்.

1952 முதல் ஒற்றை எஞ்சின் வாம்பயர் டி.11 பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்து மெல்ல மீட்டியரின் இடத்தைப் பிடித்தது. நம் விமானப்படையின் ஹகிம்பேட்டை பயிற்சித் தளத்திலும் பின்னால் இரட்டை இருக்கை வாம்பயரில்தான் ஜெட் பழகினார்கள். ஆனால் மீட்டியரின் குணம் மாறவில்லை. 1988 மே 30 அன்று கவென்ட்ரி விமானக் காட்சியில், ஏர் பிரேக் திறந்தபடியே சக்கரத்தை இறக்கிய ஒரு பழைய டி.7 அதே ஃபாண்டம் டைவில் விழுந்தது. அதை ஓட்டிய விமானியும் உயிர் தப்பவில்லை.