கேட்கப் போனவள்: இரவுக் கச்சேரியும் வீடு திரும்பும் வழியும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம் இதுதான். அங்குள்ள அம்மனின் பெயர் குயில்மொழியம்மை. குரலையே பெயராகக் கொண்ட அம்மன் இருக்கும் அந்தக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. மழையில்லாத காலத்தில் கடுவெளிச் சித்தரின் தவத்தைக் கலைக்க அரசன் ஓர் ஆடல் பெண்ணை அனுப்புகிறான். அவள் அவருக்கு அப்பளம் கொடுத்துக் கொடுத்துக் கண் திறக்க வைக்கிறாள். மழை பெய்கிறது. அதைக் கொண்டாடும் விழாவில் அவள் ஆடும்போது காலிலிருந்து சிலம்பு கழன்று விழுகிறது. ஆட்டம் தடைபடக் கூடாதென்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிடுகிறார். கூட்டம் சிரிக்கிறது. சித்தர் சினந்து பாட, கருவறை லிங்கம் வெடித்துச் சிதறுகிறது. தகடு கொண்டு சேர்த்துக் கட்டிய லிங்கத்தைத்தான் இன்று வழிபடுகிறோம் என்கிறது தலபுராணம்.

இந்தக் கதையை ஊர் சித்தரின் சினமாகவே சொல்லிவருகிறது. ஆடியவளின் காலும் சிலம்பும் கதைக்குத் தேவைப்பட்டன. அன்றிரவுக்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்பது தேவைப்படவில்லை. சிரித்த கூட்டத்தில் பெண்கள் இருந்தார்களா, இருந்தால் அவர்களும் சிரித்தார்களா என்பதும் அப்படித்தான்.

சிலப்பதிகாரத்திலும் இதே இடைவெளி இருக்கிறது. அரங்கேற்றுகாதை மாதவி ஆடிய மேடையின் அளவை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று துல்லியமாகச் சொல்கிறது. யாழாசிரியன், குழலோன், தண்ணுமையாளன் என ஒவ்வொருவரின் தகுதியும் வரையறுக்கப்படுகிறது. 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையை வாங்கிக்கொண்டு கோவலன் மாதவியின் வீட்டுக்குப் போகிறான். கண்ணகி அந்த அரங்கில் இல்லை. மாதவியின் யாழையும் குரலையும் அவள் ஒருநாளும் கேட்கவில்லை. தன் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட இசையைக் கேட்கும் வாய்ப்பே இல்லாதவளாகத்தான் நம் முதல் காப்பியத்தின் நாயகி இருக்கிறாள்.

தமிழில் இசை வரலாறு என்று எழுதப்பட்டவை பெரும்பாலும் மேடையின் வரலாறுகள். பெண்ணிய ஆய்வுகளும் மேடையேறிய பெண்களையே முதலில் தேடிப் போயின. அது அவசியமான வேலை. ஆனால் மேடைக்கு எதிரே உட்கார்ந்தவளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை எழுத மூன்று கேள்விகள் வேண்டும். என்ன காரணம் சொல்லி அவள் வீட்டை விட்டுக் கிளம்பினாள்? எங்கே உட்கார்ந்தாள்? எப்படி வீடு திரும்பினாள்? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது என்பது என் எண்ணம்.

நம் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பகுதியின் பெரிய இரவு நிகழ்ச்சி தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து நடக்கும். மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து எழுப்பும் ஓசை ஊரெல்லை தாண்டிக் கேட்கும். திரௌபதி வேடம் கட்டியவர்கள் காலங்காலமாக ஆண்கள். பார்க்கும் கூட்டத்தில் பெண்கள் ஏராளம். அர்ச்சுனன் தபசு அன்று கம்பத்தின் மேலிருந்து வீசப்படும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி வாங்குவார்கள். அவர்கள் வெறும் பார்வையாளர்கள் அல்ல. அந்தச் சடங்கே அவர்களுக்காக இருந்தது.

மாலை மங்கினால் வாசல் தாண்டக் கூடாதென்ற அதே வீடுகள், பாயும் போர்வையும் பிள்ளைகளுமாக இரவு முழுக்கப் பெண்கள் வெளியில் இருக்க எப்படிச் சம்மதித்தன? அம்மன் பெயர் ஒரு காரணம். கேட்பவர்களுக்குச் சொல்ல அது போதும். கூட்டமாகப் போனது இன்னொரு காரணம். பலரும் கவனிக்காத மூன்றாவது காரணம், கூத்து விடியும்வரை நடந்தது என்பது. நள்ளிரவில் எந்தப் பெண்ணும் தனியாகத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் வந்ததும் எல்லோரும் சேர்ந்து நடந்தார்கள்; நேரே வாசல் தெளிக்கப் போனார்கள். மார்கழியில் பெண்கள் தெருவில் பாடிப்போக அனுமதி கிடைத்ததும் இருள் பிரியும் அந்த நேரத்தில்தான். கூத்தின் நீளத்தைப் பொறுமையைச் சோதிக்கும் நீளம் என்று நகரத்து விமர்சகர்கள் எழுதுவதுண்டு. பெண்களுக்கு அந்த நீளம் பாதுகாப்பாகவும் இருந்தது.

இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. கழிப்பிடம் இல்லாத இரவு அது. அடுத்த நாள் நடவுக்கும் களைக்கும் தூக்கமில்லாமல் போக வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மன் தந்த அனுமதி எல்லாப் பெண்களுக்கும் ஒன்றாக இருக்கவில்லை. விழுப்புரம் அருகே மேல்பாதியில் தலித் மக்கள் உள்ளே வரக் கூடாதென்று தடுக்கப்பட்டதால் எழுந்த பதற்றத்தில் 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. கோயில் வாசலே மறுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கூத்துக் களத்தில் எந்த இடம் கிடைத்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊரும் சேரியும் பிரிந்த இடத்தில் ‘பெண்கள் பக்கம்’ என்ற ஒரே பக்கம் இருந்ததே இல்லை.

நகரத்தில் கதை வேறுவிதமாக நடந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கச்சேரி நடக்கும். பெரிய வித்வான்கள் அங்கே வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டார்கள். எப்போது தொடங்குவது, யார் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் வாசித்தவரே தீர்மானித்தார். அவருடைய மகள்களும் பேத்திகளும் அந்த இசைக்குள்ளேயே வளர்ந்தார்கள். வீடே அரங்கானதால் வீடு திரும்பும் கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. ஆனால் அந்த வீடு தேவதாசி மரபைச் சேர்ந்தது. ‘குடும்பப் பெண்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டவள் அந்தப் படி ஏறத் தயங்கிய காலம் அது.

1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாதெமி உருவானது. டிக்கெட், நாற்காலி, குறித்த நேரம் எனக் கச்சேரிக்கு ஒரு புது ஒழுங்கு வந்தது. 1931 மார்ச் 15 அன்று கல்யாணியின் மகள்கள் அங்கே சதிர் ஆடினார்கள். அதே ஆண்டுகளில் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிரான சட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார். அந்த முறையின் கொடுமையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் அதைப் பற்றி நாவலே எழுதினார். 1947இல் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது நியாயம். அதன் கூடவே இன்னொன்றும் நடந்தது. ‘சின்ன மேளம்’ என்று அழைக்கப்பட்ட பெண்களின் ஆட்டமும் பாட்டும் அவர்கள் கையை விட்டுப் போயின. 1930களில் டி.கே. பட்டம்மாள் போன்ற பிராமணப் பெண்கள் பொதுமேடைக்கு வந்தார்கள். அவர்களும் தடைகளைத் தாண்டித்தான் வந்தார்கள். ஆனால் சபாவின் நாற்காலியில் ஒரு குடும்பப் பெண் கௌரவமாக உட்காருவதற்கு, மேடையிலிருந்து இன்னொரு பெண் இறங்க வேண்டியிருந்தது. கேட்பவளின் மானம் பாடுபவளின் பிறப்பைப் பொறுத்ததாக ஆக்கப்பட்டது.

திருவையாற்றில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். தியாகராஜரின் சமாதியைத் தன் சொந்தப் பணத்தில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே ஆராதனை நடத்திய ஆண்கள் பெண்களைப் பாடவிடவில்லை. 1927இல் அவர் பெண்களுக்கெனத் தனி ஆராதனையைத் தொடங்கினார். 1940களின் தொடக்கத்தில் எல்லா அணிகளும் ஒன்றாயின. ஒரு பெண் இடம் வாங்கலாம், கட்டடம் கட்டலாம், விளக்கேற்றலாம். ஆனால் அந்த இடத்தில் பாடுவதற்கு அவள் தனியாக ஒரு கூட்டத்தைத் திரட்ட வேண்டியிருந்தது.

1938இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. கச்சேரி சமையலறைக்கே வந்தது. எத்தனையோ பெண்களுக்கு அதுவே முதல் கச்சேரி. அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டு ராகம் கற்றவர்கள் உண்டு. இசை வீட்டுக்குள் வந்தது. பெண் வெளியே வரத் தேவையில்லாமலும் போனது.

நாடகக் கொட்டகையிலும் திருவிழா மேடையிலும் பாடி ஆடிய பெண்களுக்கோ வெளியே போவதுதான் பிழைப்பு. மதுரையை மையமாகக் கொண்ட ஸ்பெஷல் நாடக நடிகைகளைப் பற்றி ஆராய்ந்த சூசன் சைசர், மேடைக்கு வெளியே அவர்களின் பயணத்தையே தனியாகக் கவனித்தார். தெருவில் கண்ணில் படாமல் போய்வருவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமம், வேனுக்குள்ளேயே ஒரு வீட்டை உண்டாக்கிக்கொண்ட விதம் ஆகியவற்றை எழுதினார். ஆயிரம் பேர் முன்னால் ஆடியவள் பேருந்து நிறுத்தத்தில் நிற்க அஞ்சினாள். பெண்கள் இல்லாமலே பெண் குரலைச் சமாளித்த மேடைகளும் இருந்தன. பாவலர் வரதராசன் கச்சேரிகளில் சிறுவனாக இருந்தபோது பெண்குரலில் பாடியதை இளையராஜாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

பிறகு வந்த மெல்லிசைக் குழுக்களில் பாடகி ஒருத்தியாவது இருந்தாள். அசையாமல் நின்று, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவது அவளுக்கான ஒழுக்கம். அதை மீறிய குரல் எல்.ஆர். ஈஸ்வரியுடையது. சினிமாவின் கிளப் நடனத்துக்கும் ஆடி மாத மாரியம்மன் பாட்டுக்கும் அதே குரல்தான். இன்று ‘ஆடல் பாடல்’ நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நீதிமன்றமும் காவல்துறையும் நிபந்தனை விதிக்கின்றன. ஆடுபவளின் உடை அங்கே பேசப்படுகிறது. பார்க்க வரும் பெண்ணுக்கு வெளிச்சமோ கழிப்பிடமோ உண்டா என்பது பேச்சாவதில்லை.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதல்முறை மேடையேறியது. கானா, ராப், ராக், பறை எல்லாம் கலந்த அந்த 19 பேர் குழுவில் ஒரே பெண் இசைவாணி. சாவு வீட்டில் ஆண்கள் பாடிய கானாவை ஒரு பெண் மைக்கில் பாடினார். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்ணுக்கு வெளியே பந்தலில் கானா பாடும் இடம் இருந்ததில்லை என்பதை நினைத்துக்கொண்டால் இதன் எடை புரியும். திண்டுக்கல்லில் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தின் தலித் பெண்கள் இதற்கு வெகு முன்பே பறையைக் கையில் எடுத்துவிட்டார்கள். மேடை மெல்ல மாறிவருகிறது.

கீழே உள்ள நாற்காலி மாறியிருக்கிறதா? இரும்பையைச் சுற்றியே பார்க்கலாம். 1968இல் தொடங்கிய ஆரோவில் இரும்பையை ஒட்டி வளர்ந்தது. அங்கே பாரத் நிவாஸ் அரங்கில் கச்சேரிகள் நடக்கின்றன. சற்றுத் தள்ளிப் புதுச்சேரியில், பிரான்சில் 1982இல் பிறந்த இசைத் திருநாள் ஜூன் 21ஐ ஒட்டிக் கொண்டாடப்படுகிறது. கிதாரும் டிரம்ஸும் கேட்க வேறு ஊர் போக வேண்டாம். சுற்றுக் கிராமங்களின் பெண்கள் பகலில் ஆரோவிலுக்கும் புதுச்சேரிக்கும் வேலைக்குப் போகிறார்கள். இடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையும் அதில் உண்டு. அதே இடத்தில் மாலையில் ரசிகையாக உட்கார அவர்களை எது தடுக்கிறது? பல நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே இல்லை. தடுப்பது நேரமும் வழியும்தான்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ‘விடியல் பயணம்’ என்று அதற்குப் பெயர். வேலை, கல்லூரி, மருத்துவமனை எனப் பெண்ணின் நடமாட்டத்தை அது உண்மையிலேயே விரிவாக்கியிருக்கிறது. ஆனால் எந்த வேலையும் இல்லாமல் ஒரு பாட்டைக் கேட்கப் போய்த் திரும்புகிறவளை யாரும் கணக்கில் கொள்வதில்லை. மும்பையைப் பற்றி ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூலை எழுதிய ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் இதைத்தான் சொன்னார்கள்: பொதுவெளியில் பெண் எப்போதும் ஒரு காரணத்தைக் காட்டிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. விடுதிகளில் இது இன்னும் வெளிப்படை. ஆண்கள் விடுதியின் கதவு திறந்திருக்கும் நேரத்தில் பெண்கள் விடுதியின் கதவு பூட்டப்படுவதை எதிர்த்து 2015இல் டெல்லி மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கத்தைத் தொடங்கினார்கள். கூண்டை உடை என்பது பொருள். என் வகுப்பு மாணவிகளில் பலர் பறையும் கானாவும் ராப்பும் தெரிந்தவர்கள். தெரிந்ததெல்லாம் கைப்பேசி வழியாகத்தான். அந்த ஓசை நேரில் நெஞ்சில் அதிர்வது எப்படி இருக்கும் என்று கேட்டால் தம்பியையோ அண்ணனையோ கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள்.

பாட்டி கூத்துக்குப் போனாள். அது விடியும்வரை நடந்தது. பேத்தியின் கச்சேரி இரவு 10 மணிக்கு முடிகிறது. முடியும் நேரம் முன்னுக்கு வந்ததால் அவளுக்கு வசதி கூடவில்லை. பேருந்து ஓய்ந்து, தெரு காலியாகிற நேரத்தில் அவளைத் தனியாக வெளியே விடுகிற நேரம் அது. பாட்டிக்கு இருந்த கூட்டமும் அம்மன் பெயரும் அவளுக்கு இல்லை. அவற்றை மீட்டுத் தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காரணம் சொல்லாமலே கிளம்பும் உரிமைதான் வேண்டும்.

மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்வேன். உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். எந்தக் கூத்துக்கு, எந்தக் கச்சேரிக்குப் போனீர்கள்? யாரோடு? எங்கே உட்கார்ந்தீர்கள், யார் பக்கத்தில் உட்கார விடவில்லை? எத்தனை மணிக்கு வீடு வந்தீர்கள், வந்ததும் யார் என்ன சொன்னார்கள்? போக ஆசைப்பட்டுப் போகாமல் நின்ற நிகழ்ச்சி எது? இந்தப் பதில்கள் எந்த இசை நூலிலும் கிடைக்காது. இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடமும் ஊராட்சிகளிடமும் கேட்க வேண்டியவை எளியவை: அரங்கில் கழிப்பிடம், வெளியே தெருவிளக்கு, கடைசிப் பாட்டு முடிந்து அரை மணி கழித்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கிளம்பும் ஒரு பேருந்து.