உப்பும் வெல்லமும் கைமாறிய வரலாறு

உலகம் சீர்கெட்டுக்கொண்டே போகிறது என்பவர்களுக்கு மறுப்பாகப் பெரும்பாலும் நீட்டப்படுவது வரைபடங்கள்தாம். ஆயுள் கூடுகிறது, சிசு மரணம் குறைகிறது என்று அவை காட்டும். கோடு ஏன் இறங்கியது, யார் இறக்கினார்கள் என்று சொல்லமாட்டா. அது தெரியாமல் வருங்காலத்தின் மீது வைக்கும் நம்பிக்கை சோதிடத்தைவிட மேலானதல்ல. எனவே இக்கட்டுரை ஒரேயொரு கோட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 1980 வாக்கில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 46 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைக் கணக்கு சுமார் 4.4 லட்சம். குடிநீர், கழிப்பறை, ஊட்டம், தட்டம்மைத் தடுப்பூசி, ரோட்டா வைரஸ் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் உப்பு சர்க்கரைக் கரைசலின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடித்ததைவிட, அதை யார் கையில் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு விடை காண்பதற்கே பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

காலராவில் மனிதர் இறப்பது நீரும் உப்பும் வற்றிப்போவதால்தான் என்பது புதிய செய்தியல்ல. 1831–32இல் பிரிட்டனைக் கொள்ளைநோய் தாக்கியபோது, நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்த வில்லியம் ஓ'ஷாக்னசி இதைக் கண்டார். ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா உப்புநீரை நரம்பில் ஏற்றிச் சிலரைப் பிழைக்கவும் வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் அதை முறைப்படுத்தினார். ஆனால் இந்த வழிக்கு ஊசி வேண்டும், கிருமி நீக்கிய சலைன் வேண்டும், பழகிய கை வேண்டும், ஒரு படுக்கையும் வேண்டும். காலரா வந்த ஊர்களில் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை.

வாய்வழியாகக் கொடுத்தால் என்ன? 1953இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, நோய் கடுமையாகாத 186 பேருக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்த அனுபவத்தை 'லான்செட்' இதழில் எழுதினார். மருத்துவ உலகம் அதைக் கடந்து போயிற்று. ஒப்பீட்டுக் குழு இல்லை, உடலியல் விளக்கம் இல்லை என்பவை நியாயமான குறைகளே. விளக்கம் ஏழாண்டுகள் கழித்து வேறொரு துறையிலிருந்து வந்தது. குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் இணைந்தே உள்ளே செல்கின்றன என்று 1960இல் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். காலரா நஞ்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே தள்ளினாலும், இந்த வாசலை மட்டும் அது அடைப்பதில்லை. சர்க்கரை உள்ளே போனால் உப்பு போகும், உப்பின் பின்னால் நீர் போகும்.

இதற்குப் பிறகும் பாதை நேராக அமையவில்லை. 1962இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் செய்த சோதனையில் நோயாளிகள் சிலர் இறந்தனர். கரைசல் அளவுக்கு மீறி அடர்த்தியாக இருந்ததே காரணம் என்று பின்னர் கருதப்பட்டது. அதே பிலிப்ஸ்தான் பிறகு டாக்கா காலரா ஆய்வகத்தின் இயக்குநர். மீண்டும் வாய்வழிக் கரைசலைச் சோதிக்க அவர் தயங்கியதில் வியப்பில்லை. அங்கே இளம் மருத்துவர்களான டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் பழைய சோதனைகள் ஏன் தோற்றுப்போயின என்று பார்த்தார்கள். நோயாளி எவ்வளவு இழக்கிறாரோ அவ்வளவையும் கணக்கிட்டுக் குடிக்கக் கொடுத்தார்கள். நரம்பில் ஏற்ற வேண்டிய திரவத்தின் தேவை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்ததாக 1968இல் அறிவித்தார்கள். என்றாலும் இது மருத்துவமனைக்குள், ஒவ்வொரு கோப்பையும் அளந்து நடந்த வேலை.

சுவரை உடைத்தது போர். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் எல்லையோர ஊரான பொங்காவில் நெருக்கியடித்துத் தங்கியிருந்தபோது காலரா பரவியது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஜூன் இறுதியில் அங்கே சென்றபோது மருத்துவமனையில் நோயாளிகள் தரையிலேயே கிடந்தார்கள். வாந்தியிலும் கழிவிலும் மண்டியிட்டுத்தான் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. சலைன் தீரும் நிலை. அவர் வேறு வழியின்றி ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து பீப்பாய்களில் கரைத்தார்கள். லிட்டருக்குச் செலவு சுமார் 11 பைசா. குடிக்கக் கொடுத்தவர்கள் நோயாளிகளின் தாய்மார், உறவினர், நண்பர்கள். அளவு பார்க்க ஆளில்லாததால் தாகமே அளவுகோலாயிற்று. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 3,700க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது, இறந்தவர்கள் 3.6 விழுக்காடு. அதற்கு முன் அங்கே 30 விழுக்காடு வரை இறந்துகொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக் குழு இங்கும் இல்லை. ஆனால் இப்படியொரு இறக்கத்தை மறுப்பது எளிதல்ல. 1978இல் உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்தக் கரைசலே அதன் அடித்தளமாயிற்று.

முகாமில் மருத்துவர் பக்கத்தில் இருந்தார். மருத்துவரே இல்லாத கிராமத்தில் என்ன செய்வது? என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகக் கடினமான பகுதி இதுதான். வங்காளதேசத்தில் ஃபசல் ஹசன் அபெத் நிறுவிய பிராக் (BRAC) அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்றது. பொட்டலம்கூட வேண்டாம், அடுப்படியில் இருப்பதே போதும் என்றது: அரைச் சேர் நீரில் மூவிரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம். ஏறத்தாழ 1.2 கோடி வீடுகளில் பெண் ஊழியர்கள் இதைக் கற்பித்தார்கள். ஊழியரின் சம்பளம், அவர் சென்று வந்த பிறகு தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. தாய் கலக்கிய கரைசலை ஆய்வகத்தில் சோதித்தும் பார்த்தார்கள்.

முதல் முடிவுகள் சங்கடம் தந்தன. தாய்மார் சரியாகவே கலக்கினார்கள், ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது பயன்படுத்தியவர்கள் குறைவு. விசாரித்தபோது, கற்பித்த ஊழியர்களில் பலருக்கே அதில் நம்பிக்கையில்லை என்று தெரிந்தது. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரையைத்தான் விழுங்கினார்கள். எனவே ஊழியர்களுக்குக் கரைசல் வேலை செய்யும் விதம் விளக்கப்பட்டது. வீட்டு ஆண்களிடமும் பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் பேசினார்கள். அதன் பிறகே பயன்பாடு ஏறியது. கற்பிப்பவர் நம்பாததைக் கேட்பவர் நம்பமாட்டார் என்பதைக் கணக்கெடுத்து நிரூபித்த திட்டங்கள் அதிகமில்லை.

ஆய்வு அத்தோடு நிற்கவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக் குழுவினர் கரைசலில் எளிதில் செரிக்காத மாவுப்பொருளைச் சேர்த்துக் காலரா நோயாளிகளின் பேதியைக் குறைத்து, அதன் முடிவை 2000இல் வெளியிட்டனர். 2002இல் கரைசலின் உப்பும் சர்க்கரையும் குறைக்கப்பட்டன. 2004இல் துத்தநாகம் துணைக்கு வந்தது.

இந்தியாவில் பாதி வழிதான் கடந்திருக்கிறோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் 60.6 விழுக்காட்டினருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்தக் கரைசல் கிடைத்தது. முந்தைய ஆய்வில் அது 50.6. மீதிப் பேருக்கு ஏன் கிடைக்கவில்லை? கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவச் சேவையாளர்களிடம் நடத்தி, 2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தேடியது. பொட்டலம் கையிருப்பில் இல்லாததோ இலாபக் கணக்கோ பெரிய காரணமாகத் தெரியவில்லை. வருபவர்கள் இதை விரும்பமாட்டார்கள், வேறு மருந்தையே எதிர்பார்ப்பார்கள் என்ற ஊகமே முதன்மைக் காரணம். நம் ஊர் மருத்துவமனை வாசலில், குளுக்கோஸ் ஏற்றாவிட்டால் வைத்தியமே இல்லை என்று முணுமுணுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊகம் எங்கிருந்து வந்தது என்று புரியும். ஆனால் குழந்தைக்காக வந்தவர் ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டபோது, அதை எழுதிக்கொடுத்தவர்களின் விகிதம் 27 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது.