ஆணியில்லா மிம்பர்

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் நின்று குத்பா நிகழ்த்திய மிம்பர் மூன்றே படிகள் கொண்டது. மதீனாவை அடுத்த அல்ஃகாபாவின் மரத்தைக் கொண்டு, அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் பணியாளரான தச்சர் அதைச் செய்தளித்தார். அவ்வெளிய தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகள் கழித்து, ஹலப் நகரில் எழுந்தது மற்றொரு மிம்பர்.

ஹிஜ்ரி 564 (கி.பி. 1168–69). பைத்துல் முகத்தஸ் அப்போது சிலுவைப் போராளிகள் வசம் இருந்தது. மீட்கப்படும் நாளில் மஸ்ஜிதுல் அக்ஸாவில் நிறுவுவதற்கென்றே சுல்தான் நூருத்தீன் ஸங்கி (ரஹ்) அதைச் செய்யப் பணித்தார். கையில் இல்லாத நகரத்துக்கு மிம்பர்! அவர் 1174இல் மறைந்தார். மிம்பர் ஹலபிலேயே காத்திருந்தது. 1187இல் நகரை மீட்ட ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அதை வரவழைத்து நிறுவினார். சுல்தானின் பெயரோடு தச்சர்களின் பெயர்களும் அதில் செதுக்கப்பட்டிருந்தன. போர்க்கள வெற்றிகளைவிட இச்செய்தியே நம் மனத்தைக் கவர்கிறது.

அதன் வேலைப்பாட்டைச் சற்று விளக்கியாக வேண்டும். ஒரு சட்டத்தில் உளியால் செவ்வகத் துளை இடப்படும். மற்றொரு சட்டத்தின் நுனி அத்துளைக்குள் இறுக நுழையும் நாக்காகச் செதுக்கப்படும். அந்நாக்கைத் தச்சர்கள் கழுந்து என்பர். நாக்கு சற்றுப் பெருத்தால் துளைமரம் பிளக்கும். சற்றுச் சிறுத்தால் இணைப்பு ஆடும். இவ்வாறு கோக்கப்பட்ட சிறு சட்டங்களின் ஓரங்களில் காடி எடுத்து, நட்சத்திரமும் பலகோணமுமான பலகைத் துண்டுகளை அக்காடிகளுள் பொருத்தினர். பசையோ ஆணியோ அவற்றைப் பிணிக்கவில்லை. அகன்ற ஒற்றைப் பலகையாயின் வறண்ட வெப்பத்தில் சுருங்கிப் பிளந்துவிடும், சிறு துண்டோ தன் காடிக்குள்ளேயே சுருங்கும், விரியும், கோலம் கலையாது. அழகுக்காக மட்டும் அமைந்த வடிவமன்று அது. மரத்தின் இயல்பை அறிந்தோர் கண்ட வழி.

எண்ணூறு ஆண்டுகள் நிலைத்த அம்மிம்பரை 1969 ஆகஸ்ட் 21 அன்று ஆஸ்திரேலியர் ஒருவர் மூட்டிய தீ அழித்தது. அத்தீவைப்பைத் தொடர்ந்தே முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் ரபாத் நகரில் கூடினர். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு பிறந்தது.

அமைப்பு பிறக்க ஒரு மாதம் போதுமாயிற்று. மிம்பர் மீள எழ முப்பத்தெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. பணமோ மரமோ இல்லாமையன்று காரணம். அதன் வரைபடம் எவரிடமும் இல்லை. ஹலபின் தச்சர்கள் உளிமுனையில் வைத்திருந்த கணிதம் ஏட்டில் ஏறவில்லை. எஞ்சிய துண்டுகளையும் பழைய நிழற்படங்களையும் வைத்துக்கொண்டு, எந்தக் கோட்டிலிருந்து எந்த நட்சத்திரம் பிறந்தது, எந்த நாக்கு எந்தத் துளைக்குரியது என்று ஒவ்வொன்றாய்க் கணித்தறிய வேண்டியிருந்தது. ஜோர்தானின் ஸல்த் நகரில் அமைந்த பட்டறையில் துருக்கி, இந்தோனேசியா உள்ளிட்ட நாடுகளின் கைவினைஞர்கள் ஒருங்கே அமர்ந்து செதுக்கினர். மொழி வேறாயினும் உளியின் வேலை ஒன்றுதானே!

2007இல் புதிய மிம்பர் மஸ்ஜிதுல் அக்ஸாவில் நிறுவப்பட்டது. அதன் இணைப்புகளிலும் ஆணி இல்லை. தீக்குத் தப்பிய பழைய துண்டுகள் அதே வளாகத்திலுள்ள இஸ்லாமிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.