குவைத்துக்கு ஒரு நியாயம், சூடானுக்கு ஒரு நியாயமா?

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி, "போர்னா நாலு வீடு எரியத்தான் செய்யும், நஷ்டஈடு கேட்டா யாருங்க தருவாங்க?" என்றார். தந்திருக்காங்க தம்பி! எங்க தெருவுக்கே வந்திருக்கு.

கிண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்து குவைத்துக்குப் போனவர் ஒருவர். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. அங்கே இருந்த இந்தியர்கள் சுமார் 1,70,000 பேர். சேர்த்த காசை விட்டுவிட்டு, ஜோர்டான் போய், அம்மானில் ஏர் இந்தியா விமானம் ஏறி, கட்டிய துணியோடு வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். 1991-ல் ஐ.நா. ஒரு நஷ்டஈட்டு ஆணையம் அமைத்தது. ஈராக் விற்கிற எண்ணெய்ப் பணத்தில் 30 சதவீதம் வரை அதற்குப் போகணும் என்று விதித்தது. பின்னால் அது குறைந்தது. தப்பி வந்த தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000. வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்றால் 4,000, 8,000. ஒரு படிவம், அவ்வளவுதான்! பட்டினி கிடந்த ஈராக் ஏழையின் வயிற்றிலும்தான் அது கை வைத்தது, அதையும் சொல்லியாகணும். ஆனாலும் 5,240 கோடி டாலர் கொடுத்து, 2022 ஜனவரியில் கணக்கை முடித்தார்கள்.

இப்ப, எண்ணெய்க்காகவே ஊரைவிட்டு விரட்டப்பட்டவங்க கதைக்கு வருவோம்.

இன்றைய தெற்கு சூடானில் '5ஏ' என்று ஒரு எண்ணெய் வட்டாரம். மாடு மேய்க்கும் நுவேர் மக்களின் பூமி. 1997-லிருந்து 2003 வரை அங்கே லுண்டின் என்கிற சுவீடன் கம்பெனியின் தலைமையில் எண்ணெய் தேடினார்கள். சதுப்பு நிலம், ரோடு போட்டால்தான் லாரி போகும். ரோடும் வந்தது, சூடான் ராணுவமும் அதன் கூலிப்படைகளும் வந்தன. குடிசைகள் எரிந்தன, மாடுகள் கொள்ளை போயின. ஐரோப்பியத் தொண்டு அமைப்புகளின் கூட்டணி ஒன்று 2010-ல் வெளியிட்ட அறிக்கை, செத்தவர்கள் சுமார் 12,000 பேர், ஊரை இழந்தவர்கள் 1,60,000 பேர் என்று கணக்கிட்டது. பாருங்க, குவைத்திலிருந்த நம்ம ஆளுங்க எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதேதான்!

சுவீடன் அரசு வழக்கறிஞர்கள் பத்து வருஷத்துக்கு மேல் விசாரித்து, கம்பெனியின் இரண்டு பெரிய தலைகள் மீது 2021-ல் குற்றம் சாட்டினார்கள். 2023 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் வழக்கு தொடங்கியது. இருவரும் குற்றத்தை மறுத்தார்கள். நஷ்டஈடு கேட்டவர்களின் கோரிக்கையையோ கோர்ட் தனியாகப் பிரித்து ஓரமாக வைத்துவிட்டது. மாடு போனவன் இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பான் ஐயா?

"அது சுவீடன் காரன் பாடு, நமக்கென்ன?" என்பீர்கள். சண்டை ஓய்ந்த சமயத்தில் அதே 5ஏ-யில் பங்கு வாங்கியது யார் தெரியுமா? நம்ம ஓ.என்.ஜி.சி. விதேஷ்! சுமார் 24 சதவீதம். குடிசையை எரித்தது நம்ம கம்பெனி இல்லை, அது சத்தியம். ஆனா பங்காளி வீட்டுச் சொத்தை வாங்குறவன் வில்லங்கம் பார்க்க வேண்டாமா? ஈக்காட்டுத்தாங்கலில் அரை கிரவுண்டு வாங்கவே நாங்க முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோமே!

அதனால் இந்த மேடையில் நான் கேட்பது ஒன்றுதான். அந்த வட்டாரத்தில் பங்கு வைத்திருந்த கம்பெனிகள் எல்லாம், நம்முடையது உட்பட, எண்ணெயில் வந்த பணத்திலிருந்து ஒரு பங்கை ஒதுக்கட்டும். குவைத்திலிருந்து வந்த எங்க தெருக்காரருக்குக் கொடுத்த மாதிரி ஒரு படிவத்தை நுவேர் மொழியில் அச்சடித்து, அந்த ஜனங்க கையில் கொடுக்கட்டும்.